கைத்துப்பாக்கியுடன் டல்லாஸ் முதல் நியூ ஜெர்சி வரை: ஏழு மாநில எல்லைகளுக்கு ஒரு பயணத் திட்டம்

டெக்சாஸில் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வண்டி ஓட்டலாம். அதே டெக்சாஸ் அரசு வழங்கிய கைத்துப்பாக்கி உரிமம் அப்படிப்பட்டதன்று. ஒரு மாநிலம் அதை முழுமையாக ஏற்கும். அடுத்த மாநிலம் உரிமமே தேவையில்லை என்று சொல்லும். அதற்கடுத்த மாநிலத்தில் அதே துப்பாக்கி இடுப்பில் இருப்பதே கடுங்குற்றம். எல்லையில் சுங்கச் சாவடியோ சோதனையோ இராது. "வருக" என்ற பலகை ஒன்று ஜன்னலில் கடந்துபோகும், அவ்வளவுதான். ஆகவே, சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் நெடும்பயணத்துக்கு வரைபடத்தைத் திறப்பதற்கு முன் சட்டத்தைத் திறந்தாக வேண்டும். டல்லாஸ் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் அடிக்கடி மேற்கொள்ளும் பயணமான டல்லாஸ் – எடிசன் (நியூ ஜெர்சி) பாதையை எடுத்துக்கொண்டு, அந்தத் திட்டத்தை எப்படி வகுப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. கிளம்பும் வாரத்தில் ஒவ்வொரு விதியையும் அந்தந்த மாநில அரசின் தளத்தில் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

முதற்கேள்வி: உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறதா

நம்மவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. தடையை மீறினால் தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் ஒரே காரில் குடிமகனான கணவர், எச்4 விசாவில் மனைவி, சென்னையிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோர் என்று எல்லோரும் பயணம் செய்வது நம் வீடுகளில் சாதாரணம். கணவர் களைத்துப்போய் மனைவி ஓட்டும் நேரத்தில், இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியில் துப்பாக்கி இருந்தால், அது யாருடைய வசத்தில் இருக்கிறது என்ற கேள்வி எழும். "அப்பா, அந்தப் பையைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று துப்பாக்கி இருக்கும் பையை நீட்டுவதும் அதே சிக்கல்தான். உரிமை உள்ளவரின் உடலில் இருக்க வேண்டும், இல்லையேல் அவரிடம் மட்டுமே சாவி உள்ள பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது.

கிரீன் கார்டுக்காரர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். குடியேற்றச் சட்டத்தில், துப்பாக்கியைச் சட்டத்துக்கு மாறாக வைத்திருந்ததாகவோ ஏந்தியதாகவோ தண்டிக்கப்படுவது நாடுகடத்தலுக்கு உரிய காரணங்களுள் ஒன்று. குடிமகன் ஒருவர் வழி தவறி வேறு மாநிலத்துக்குள் துப்பாக்கியுடன் நுழைந்தால் வழக்கும் செலவும் அவமானமும் வரும். கிரீன் கார்டுக்காரருக்கு இருபதாண்டு வாழ்க்கையே அந்த ஒரு திருப்பத்தில் ஆட்டங்காணலாம். என் கருத்தில், குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலத்தில் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் பயணம் போவதே அறிவுடைமை.

கஞ்சாவைப் பற்றியும் ஒரு சொல். அது ஓஹையோவிலும் நியூ ஜெர்சியிலும் மாநிலச் சட்டப்படி கடையில் கிடைக்கலாம். கூட்டாட்சிச் சட்டமோ, தடைசெய்யப்பட்ட போதைப்பொருளைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. மாநிலம் தந்த அனுமதி அங்கே துணைக்கு வராது.

பாதையைச் சட்டம் தீர்மானிக்கட்டும்

டல்லாஸிலிருந்து வழிகாட்டிச் செயலியில் எடிசன் என்று இட்டால், பெரும்பாலும் இன்டர்ஸ்டேட் 30 வழியாக லிட்டில் ராக், அங்கிருந்து இன்டர்ஸ்டேட் 40இல் மெம்ஃபிஸ், நாஷ்வில், நாக்ஸ்வில், பிறகு இன்டர்ஸ்டேட் 81இல் வர்ஜீனியா முழுவதும் வடகிழக்காக ஏறி, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா கடந்து நியூ ஜெர்சி என்று காட்டும். எட்டு மாநிலங்கள், ஏழு எல்லைகள்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாநிலம் டெக்சாஸ் உரிமத்தை ஏற்கிறதா? ஏற்காவிட்டால் உரிமமின்றி ஏந்துவதை வெளிமாநிலத்தவருக்கும் அனுமதிக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் துப்பாக்கியை வண்டியில் எப்படி வைத்துக் கடக்க வேண்டும்? ஆர்கன்சாவும் டென்னசியும் மேற்கு வர்ஜீனியாவும் உரிமமின்றி ஏந்துவதையே அனுமதிக்கின்றன. 2024இல் இப்படிப்பட்ட மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆயிற்று. இதைக் கேட்டு, "அப்படியானால் டெக்சாஸ் உரிமம் எதற்கு, 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸிலேயே அது தேவையில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. டெக்சாஸைவிட்டு வெளியே போகாதவருக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் பென்சில்வேனியா போன்ற மாநிலத்தில் மறைத்தோ வண்டியிலோ ஏந்திச் செல்ல உரிம அட்டை வேண்டும். எல்லா மாநிலங்களின் உரிமத்தையும் அது ஏற்பதில்லை; ஏற்பவற்றுக்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை அம்மாநில அட்டர்னி ஜெனரலின் (தலைமைச் சட்ட அதிகாரியின்) தளத்தில் பார்க்கலாம்.

பட்டியல்கள் நிலையானவை என்று எண்ண வேண்டாம். 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல், 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டு அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. அந்த முடிவு நடைமுறைக்கு வந்திருந்தால் பழைய பட்டியலை நம்பியவருக்கு என்ன உத்தரவாதம் இருந்திருக்கும்? ஆகவே அச்சிட்ட தாளின் தலைப்பில் சரிபார்த்த தேதியை எழுதுங்கள். பல மாநிலங்களின் சட்டங்கள் ஜனவரி 1 அல்லது ஜூலை 1இல் நடைமுறைக்கு வருகின்றன. கோடைப் பயணத்துக்கு மே மாதம் பார்த்த பட்டியல் ஜூலையில் பழசாகிவிடலாம். உரிமத்தை ஏற்கும் மாநிலங்களிலும், மிச்சிகன், கொலராடோ போன்றவை, உரிமம் வழங்கிய மாநிலத்திலேயே வசிப்பவரின் அட்டையை மட்டுமே ஏற்கும். டெக்சாஸை விட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தும் பழைய அட்டையைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது இன்டர்ஸ்டேட் 81க்கு வருவோம். அந்தச் சாலை மேரிலாந்துக்குள் ஓடுவது ஹேகர்ஸ்டவுன் வட்டாரத்தில் வெறும் 12 மைல். பாட்டு இரண்டு முடிவதற்குள் மேரிலாந்து முடிந்துவிடும். ஆனால் மேரிலாந்து வேறெந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. அந்தப் 12 மைலில் ஒரு பின்விளக்கு எரியவில்லை என்று காவலர் நிறுத்தினாலும், இடுப்பில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு இருப்பவர் குற்றவாளியாகிவிடுகிறார். பயணத்தின் மொத்தத் தூரம் 1,500 மைலுக்கு மேல். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத துண்டு, முழுத் திட்டத்தையும் மாற்றச் சொல்கிறது.

மாற்றுவழி உண்டு. நாஷ்வில்லில் இன்டர்ஸ்டேட் 65 பிடித்து வடக்கே கென்டக்கியின் லூயிவில், அங்கிருந்து 71இல் சின்சினாட்டி, கொலம்பஸ், பிறகு 70இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரைத் தொட்டுப் பென்சில்வேனியா. இந்த வழியில் மேரிலாந்தும் இல்லை, வர்ஜீனியாவும் இல்லை. கென்டக்கி 2019இலும் ஓஹையோ 2022இலும் உரிமத் தேவையை நீக்கிவிட்டன. தூரத்தில் பெரிய வேறுபாடும் இல்லை. அதுமட்டுமன்றி, வழியில் பிட்ஸ்பர்க் பெருமாளையும் சேவித்துவிடலாம். நான் இந்தப் பாதையையே பரிந்துரைப்பேன். கோயிலுக்குள் போகும்போது துப்பாக்கியைப் பூட்டிவைத்துவிட்டுப் போங்கள். சட்டம் தடுக்கிறதோ இல்லையோ, வழிபாட்டிடம் என்பது அதன் நிர்வாகத்தின் இடம். அவர்கள் விருப்பத்துக்கு மாறாக ஆயுதத்தோடு கருவறை முன் நிற்பது முறையன்று.

பூட்டிக் கடப்பது எப்படி

இருந்தும் சிலருக்கு மேரிலாந்தையோ நியூ யார்க்கையோ கடந்தே ஆக வேண்டியிருக்கும். அவர்களுக்காக 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் ஏந்தவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், இடையிலுள்ள மாநிலம் என்ன சொன்னாலும் அதன் வழியே கொண்டுசெல்லலாம் என்பது அதன் சாரம். நிபந்தனைகள் கறாரானவை. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாக்களும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எட்டும்படி இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத எஸ்யூவி, மினிவேன் போன்ற வண்டிகளில் அவை பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலும் பூட்டியிருந்தாலும் அந்தப் பெட்டியாகக் கருதப்பட மாட்டா.

நம் குடும்பங்களில் பெரும்பாலோரிடம் இருப்பது மினிவேன். அதற்கு இரண்டு சிறிய எஃகுப் பெட்டிகள் வாங்குங்கள்: ஒன்றில் காலியான துப்பாக்கி, மற்றொன்றில் தோட்டாக்களும் மேகசின்களும் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடுகள்). இரண்டையும் வண்டியின் கடைசியில், பெட்டி படுக்கைகளுக்கு அடியில், கம்பி வடத்தால் இருக்கைச் சட்டத்தோடு பிணைத்து வையுங்கள். இரண்டு பெட்டி வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் நள்ளிரவில் சாலையோரத்தில் நிற்கும் காவலருக்கு விளக்கம் தேவைப்படாத ஏற்பாடு அது.

எங்கே பூட்டுவது என்பதும் திட்டத்தின் பகுதி. எல்லைப் பலகையைக் கண்ட பிறகு வண்டியை ஓரங்கட்டித் துப்பாக்கியை வெளியே எடுப்பவர் இரண்டு தவறுகளை ஒருங்கே செய்கிறார்: பலர் பார்க்க ஆயுதத்தைக் கையாளுகிறார், பரபரப்பில் கையாளுகிறார். தோட்டாவை ஏற்றுகையிலும் இறக்குகையிலும் கைதவறி வெடிக்கலாம். ஆகையால் முந்தைய இரவு தங்கும் விடுதி அறையில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது, முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா அமரும் குழலடியில்) இருக்கும் தோட்டாவை அகற்றி, கண்ணால் ஒருமுறையும் விரலால் ஒருமுறையும் சோதித்துப் பூட்டிவிடுங்கள். மறுநாள் கடக்கவேண்டிய மாநிலத்துக்கு முந்தைய மாநிலத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், காலை உணவையும் முடித்துவிடுங்கள். இந்தச் சட்டம் காப்பது கடந்து செல்பவரை. தங்கி ஊர் சுற்றுபவரை அன்று.

இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு வழக்கே சான்று. 2005இல் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பூட்டிய பெட்டியில் துப்பாக்கி இருந்த தம் பயணப் பையை எடுத்துக்கொண்டு அன்றிரவு விடுதியில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் முறைப்படி "துப்பாக்கி இருக்கிறது" என்று அறிவித்தார், கைதுசெய்யப்பட்டார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. கைதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 2010இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: விடுதியில் இருந்த இரவு முழுவதும் அந்தப் பை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே 1986 சட்டத்தின் பாதுகாப்பு அப்போது இல்லை. விமானம் தவறியது அவர் குற்றமன்று என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. நெறி இதுதான்: உரிமத்தை ஏற்காத மாநிலத்தில் இரவு தங்கும்படி திட்டமிடாதீர்கள். களைப்பாக இருந்தால் ஹேகர்ஸ்டவுனுக்கு முன்பே, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் நிறுத்திவிடுங்கள். மேலும், அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும் வாதமாகவே பல இடங்களில் பயன்பட்டிருக்கிறது. சாலையில் கைதைத் தடுக்கும் கேடயமாக அதை நம்பக் கூடாது.

வழியில் இறங்கும் இடங்கள்

காருக்குள் இருக்கும்வரை கணக்கு எளிது. இறங்கும்போதுதான் விதிகள் பெருகுகின்றன. டெக்சாஸில் வருமானத்தின் பாதிக்கு மேல் அங்கேயே அருந்தும் மது விற்பனையிலிருந்து வரும் இடங்களில் சிவப்பு எழுத்தில் 51 சதவீதப் பலகை இருக்கும். அங்கே ஏந்திச் செல்லக் கூடாது. கடை வாசல்களில் 30.06, 30.07 என்ற எண்களோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதிய பலகைகள் உரிமதாரரையும் கட்டுப்படுத்தும். டென்னசியிலும் ஓஹையோவிலும் துப்பாக்கி கூடாது என்ற பலகைக்கே சட்ட வலு உண்டு. இவ்விரு மாநிலங்களிலும் மது பரிமாறும் உணவகத்துக்குள் போகலாம். ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. எந்த ஊர்ப் பலகைக்கு எவ்வளவு வலு என்று மனப்பாடம் செய்வதைவிட, பலகையைக் கண்டால் திரும்பிவிடுவது எளிது.

கூட்டாட்சி அரசின் நிலங்கள் வழிநெடுகிலும் இருக்கின்றன. 65ஆம் சாலையில் கென்டக்கிக்குள் நுழைந்து சிறிது தூரத்தில் மாமத் குகைத் தேசியப் பூங்கா. 2010 பிப்ரவரியிலிருந்து தேசியப் பூங்கா நிலத்தில் அந்தந்த மாநிலச் சட்டமே செல்லும். ஆனால் பூங்காவின் பார்வையாளர் மையம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் துப்பாக்கி கூடாது. வாசலில் அறிவிப்பு இருக்கும். குகைக்குள் போவதாக இருந்தால், முதலிலேயே பூங்கா அலுவலர்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நாஷ்வில் அருகிலுள்ள பெர்சி பிரீஸ்ட் ஏரியோ ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருப்பது. அந்தப் படையின் நீர்த்தேக்க நிலங்களுக்கென்று தனி விதி. தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அங்கே கொண்டுபோவதற்கு அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். தபால் நிலைய வளாகம் இன்னொரு கண்ணி. தபால் துறை விதிமுறை கட்டடத்தை மட்டுமன்றி வண்டி நிறுத்தும் இடத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

பள்ளிக்கூட வட்டாரம் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் எல்லாவற்றையும்விட நுட்பமானது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. பள்ளி அமைந்துள்ள மாநிலமே உரிமம் வழங்கியிருந்தால் விலக்கு. தோட்டா இன்றிப் பூட்டிய பெட்டியில் இருந்தாலும் விலக்கு. சட்டத்தின் சொற்களைக் கறாராக வாசித்தால், ஓஹையோவில் உள்ள பள்ளியின் அருகே டெக்சாஸ் அட்டை போதாது, உரிமமில்லா ஏந்தலும் போதாது. எந்தச் சிற்றூரில் எந்தத் திருப்பத்தில் பள்ளி இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? இதனால்தான் நெடுஞ்சாலையை விட்டிறங்கி ஊருக்குள் போக நேர்ந்தால் துப்பாக்கியைப் பெட்டிக்கு மாற்றிவிடும்படி சொல்கிறேன். குழந்தைகளுக்கு ஊஞ்சலாடும் பூங்கா தேடும் பெற்றோருக்கு இது குறிப்பாகப் பொருந்தும், ஏனெனில் பூங்கா பள்ளியை ஒட்டி இருக்கக்கூடும்.

நீண்ட ஓட்டத்தில் இடுப்பு ஹோல்ஸ்டர் (துப்பாக்கியுறை) விலாவில் அழுத்தும், இருக்கைப் பட்டைக்கு அடியில் சிக்கும். உடனே கழற்றி இருக்கைக்கு அடியிலோ கதவுப் பையிலோ செருகுவோர் உண்டு. அவசரமாகப் பிரேக் போட்டால் அது எங்கே உருண்டு போகும், பின்னிருக்கைக் குழந்தையின் காலடிக்கா என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பல மாநிலங்களில் உடலில் இருப்பதற்கும் வண்டியில் கிடப்பதற்கும் சட்டம் வேறு. இடைஞ்சலாக இருந்தால் பூட்டிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டுவதோ தண்ணீர்த் தொட்டிமீது வைப்பதோ வேண்டவே வேண்டாம்; மறந்துவிட்டு வந்து, பாதி வழியில் பதறித் திரும்பிப் பறந்தவர்கள் உண்டு. ஹோல்ஸ்டரை விட்டு எடுக்காமலே காரியத்தை முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இரவில் விடுதி வாகன நிறுத்தத்தில் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தால், திருட்டுப் போனாலும் காவல்துறையில் சொல்ல ஒரு விவரம் இருக்கும்.

காவலர் நிறுத்தினால்

வண்டியை ஓரங்கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல், விரல்கள் தெரியும்படி இருக்கட்டும். மிச்சிகன், வட கரோலினா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் உரிமதாரர் தாமாகவே உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். டெக்சாஸில் அடையாள அட்டையைக் கேட்டால் துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஓஹையோவில் 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். இவற்றை நினைவில் வைக்க முடியாதவர் எல்லா இடத்திலும் சொல்லிவிடலாம், ஆனால் சொல்லும் விதம் முக்கியம். "கன்" என்ற சொல்லில் தொடங்காதீர்கள். "என்னிடம் கைத்துப்பாக்கி உரிமம் இருக்கிறது, இப்போது வலது இடுப்பில் ஏந்தியிருக்கிறேன், நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்ற பொருளில் நிதானமாகச் சொல்லிவிட்டு, அவர் சொல்லும்வரை கையை அசைக்காதீர்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் உரிமம் வைத்திருந்த கறுப்பின ஓட்டுநர் ஒருவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தெரிவித்துவிட்டுக் கையை நகர்த்தியபோது காவலரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் காவலர் அடுத்த ஆண்டு நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டார். நம் தோல் நிறமும் உச்சரிப்பும் சாலையோரத்தில் எப்படி வாசிக்கப்படும் என்பது நம் கையில் இல்லை; கை எங்கே இருக்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. இதனாலேயே வண்டிப் பதிவுச்சீட்டும் காப்பீட்டுத் தாளும் துப்பாக்கி இருக்கும் பெட்டியில் இருக்கவே கூடாது. சூரியத் தடுப்புப் பலகையின் பின்னால் ஒரு உறையில் செருகிவையுங்கள். காரில் உள்ளவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பின்னிருக்கையிலிருந்து பாட்டி தமிழில் பதறிக்கொண்டு எதையாவது எடுக்கக் குனிவது அந்த நேரத்தில் நல்லதல்ல.

டெலவேர் ஆற்றங்கரை

பென்சில்வேனியாவின் ஆலன்டவுனைத் தாண்டி ஈஸ்டனை ஒட்டி இன்டர்ஸ்டேட் 78 டெலவேர் ஆற்றைக் கடக்கிறது; அக்கரை நியூ ஜெர்சி. என் திட்டப்படி துப்பாக்கி இந்த ஆற்றைக் கடப்பதில்லை. நியூ ஜெர்சி வெளிமாநில உரிமத்தை ஏற்பதில்லை. அங்கே பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை. தற்காப்புக்கென்று பலரும் வைத்திருக்கும் குழிமுனைத் (ஹாலோ பாயின்ட்) தோட்டாவுக்கும் கடுமையான கட்டுப்பாடு. 2013இல் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பெண், முறையான பென்சில்வேனியா உரிமத்தோடு ஆற்றைக் கடந்தார். நிறுத்திய காவலரிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே சொன்னார், கைதானார். கட்டாயச் சிறைத்தண்டனை அவர்முன் நின்றது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகே அந்த விவகாரம் முழுமையாக முடிந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூ யார்க் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்வோரிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தத் தீர்ப்பு சிறப்புக் காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற முறையை ஒழித்தது, ஒரு மாநிலத்தின் உரிமத்தை இன்னொன்று ஏற்கவேண்டும் என்று அது சொல்லவில்லை.

1986 சட்டமும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் போய்ச்சேரும் இடமே நியூ ஜெர்சியாக இருக்கும்போது அங்கே ஏந்த உங்களுக்கு உரிமை இல்லை. ஆகவே இரண்டே வழிகள். பயணத்தின் நோக்கம் எடிசனில் இருக்கும் அக்காவைப் பார்ப்பது மட்டுமென்றால், துப்பாக்கியை டல்லாஸ் வீட்டிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அப்போது தேவைப்படாது. இல்லை, வழிநெடுக வேண்டும் என்றால், பென்சில்வேனியாவில் நம்பகமான உறவினர் வீட்டில், பூட்டிய பெட்டியோடு விட்டுச் செல்லுங்கள். சாவி உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். சாவியையும் கொடுத்துவிட்டால் வேறு மாநிலத்தவருக்குத் துப்பாக்கியைக் கைமாற்றியதாகும் நிலை வரும். அதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனித் தடை உண்டு. அந்த உறவினர் எச்1பி விசாவில் இருந்தால் அவர் வீடு வேண்டாம்.

எடிசனுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நயாகராவுக்கும் ஒரு நடை போவார்கள். ஸ்கார்பரோவில் உறவினர் இருந்தால் டொரொன்டோவுக்கும் போவார்கள். அந்தப் பயணத்தில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. பஃபலோ இருப்பது நியூ யார்க் மாநிலத்தில். பாலத்துக்கு அப்பால் கனடா. அங்கே கைத்துப்பாக்கியைச் சாதாரணப் பயணி கொண்டுபோக முடியாது, 2022 அக்டோபரிலிருந்து விற்பனையும் இறக்குமதியும்கூட முடக்கப்பட்டிருக்கின்றன. டெட்ராய்ட் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பஃபலோவுக்குக் குறுக்குவழி என்று செயலி ஒன்டாரியோ வழியைக் காட்டும். நெடுஞ்சாலையில் ஒரு தடம் மாறினாலே, கனடாவுக்குள் கொண்டுபோய்விடும் அம்பாசடர் பாலத்தில் ஏறிவிட நேரிடலாம். செயலியின் அமைப்பில் பன்னாட்டு எல்லையைத் தவிர்க்கும் வசதி இருந்தால் கிளம்பும் முன்பே அதை இயக்கிவையுங்கள். தப்பித்தவறிப் பாலத்தில் ஏறிவிட்டால், சுங்க அலுவலர் கேட்பதற்கு முன்பே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கண்டுபிடிக்கப்படுவதற்கும் முந்திக்கொண்டு சொல்வதற்கும் விளைவில் பெரும் வேறுபாடு உண்டு.

திரும்பும் வழியில் ஆலன்டவுனில் பெட்டியை எடுத்துக்கொள்ளும்போது அவசரப்பட்டு அங்கேயே தோட்டாவை ஏற்ற வேண்டாம். பெட்டியைத் திறந்து, துப்பாக்கி காலியாக இருக்கிறதா, மேகசினில் தோட்டா எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டி வண்டியின் பின்னால் வையுங்கள். அன்றிரவு விடுதி அறையில் அச்சிட்ட தாளை எடுத்து மாநிலங்களைக் கீழிருந்து மேலாக வாசித்து, மறுநாள் முதலில் எந்த எல்லை வருகிறது என்று பாருங்கள்.